வண்டி நின்றால் ஏணை மாமாவுக்கு

நம் வயதில் யாராவது படுக்கையைப் பற்றி யோசனை கேட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பது கடினம். மெத்தை மெதுவாக இருந்தால் இடுப்புக்கு ஆகாது, கெட்டியாக இருந்தால் தோளுக்கு ஆகாது, தரையில் படுத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். உங்களுக்கும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போன மாதம் என் பேரன் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டி, "தாத்தா, இதுல எது நல்லாருக்கும், சொல்லு" என்றபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவன் ஒரு பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறான். ஒரு நண்பனோடு திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று போய், அப்படியே மேற்குக் கரையோரம் ஏறி வரப்போகிறானாம். அறை எடுத்துத் தங்கமாட்டார்களாம். வண்டியின் பின்பக்கத்திலேயே படுக்கை. காற்றடைத்த மெத்தை, மடிக்கிற ஃபோம், கூரை மேல் விரியும் கூடாரம், கம்பிக்குக் கம்பி கட்டித் தொங்கவிடும் ஏணை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். ஏணை வந்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"ஓட்டுறவன் எங்கடா படுப்பான்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுவோம் தாத்தா."

"சரி. ஒருத்தன் ஓட்டுறான், ஒருத்தன் பின்னாடி படுத்திருக்கான். வண்டிய நிறுத்தினா அந்த எடம் யாருக்கு?"

"இன்னா தாத்தா, வக்கீல் மாதிரி கேக்கற?" என்று சிரித்தான்.

அவனிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் யாரோ ஒருவரின் இடத்தில் ஒரு முறையாவது படுத்திருப்பீர்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டில் எங்கள் குப்பம். ஒரு பக்கம் அலை ஓயாமல் இரையும், இன்னொரு பக்கம் ஏரி சத்தமே இல்லாமல் கிடக்கும். அந்த வருடம் எனக்கு டைபாய்டு வந்தது. வந்து, போய், மறுபடியும் வந்தது. முடி கொட்டி, கண் உள்ளே போய், அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கிற அளவுக்கு இளைத்துவிட்டேன். பிழைத்தால் திருச்செந்தூரில் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். ஏன் அவ்வளவு தூரம் என்று நைனா கேட்டதற்கு, "மலை மேல கீற சாமிக்கு நம்ம பாஷை இன்னா தெரியும்? அது கடலோரம் கீற சாமி. நம்ம கஷ்டம் தெரியும்" என்றாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நான் பிழைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு ராஜா உபசாரம். மீனின் நடுத்துண்டு எனக்கு. அக்கா, என்னைவிட ஐந்து வயது பெரியவள், நான் கை நீட்டினால் எதையும் கொடுத்துவிட வேண்டும். உடம்பு முழுக்கத் தேறிய பிறகும் முகத்தைக் கொஞ்சம் வாடவைத்துக்கொண்டால் காரியம் நடக்கும் என்பதை நான் கண்டுபிடித்திருந்தேன்.

பங்குனியில் ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. இறால் உள்ளே வரவில்லை. தொழில் இல்லாத அந்த நாட்களில்தான் வேண்டுதலை முடித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. போவதற்கு வண்டி கொண்டுவந்தவர் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. கோட்டைக்குப்பத்தில் இருந்தார். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரே ஆள். பழவேற்காட்டில் மீன் வியாபாரம் செய்த பாய் ஒருவரின் பிக்கப்பை ஓட்டினார். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பின் பின்பக்கம் மரப்பலகைத் தொட்டி கட்டி, மேலே இரும்பு வளைவுகள் வைத்து, அதன் மேல் தார்ப்பாய் போட்ட வண்டி அது. தினமும் இரவு பட்டணத்துக்கு இறாலும் ஐஸும் ஏற்றிப் போவார். அந்தத் தொட்டியின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. உருகின ஐஸ், மரத்தூள், இறால் தலை, பெட்ரோல் எல்லாம் சேர்ந்த வாசனை. மாமாவின் சட்டையிலும் அதுதான். சாவியை விரலில் சுற்றிக்கொண்டு அவர் மணலில் நடந்து வரும்போது குப்பத்துப் பையன்கள் பின்னாலேயே வருவார்கள். நான் மட்டும் பக்கத்தில் நடக்கலாம். என்னை "மாப்ள" என்று கூப்பிடுவார்.

பாய் நல்ல மனிதர். "புள்ள பொழச்சதுக்கு வேண்டுதல். வண்டிய எடுத்துக்கினு போப்பா" என்று சொல்லிவிட்டாராம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அதில் எப்படிப் படுப்பது என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. போகிற தூரத்துக்கு வழியில் இரண்டு இரவாவது படுக்க வேண்டும். குப்பத்தில் அதுவரை அவ்வளவு தூரம் யாரும் வண்டியில் போனதில்லை. கடலில் எப்படிப் படுப்பது என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

நைனா முதலில் சொன்னது வலை. படகில் வலைக்குவியல் மேல்தான் படுப்பார்கள். அதைவிடச் சுகமான மெத்தை கிடையாது என்பார். புதிதாக வாங்கிய நைலான் வலையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து தொட்டியில் போட்டார்.

அம்மா இடுப்பில் கை வைத்தாள். "அது மேல நானும் பொண்ணும் எப்டி படுக்கறது? பொம்பள கால் பட்டா வலைக்கு ஆகாதுன்னு நான் கண்ணாலம் ஆயி வந்த அன்னிக்கே உங்கம்மா சொல்லிச்சே. இப்ப மட்டும் படலாமா?"

"படாம படுத்துக்கோ."

"எப்டி? அந்தரத்துலயா?"

அக்கா சிரித்துவிட்டாள். வலை மறுபடியும் நைனாவின் தோளில் ஏறி வீட்டுக்குள் போனது.

அடுத்தது கயிற்றுக் கட்டில். அதைக் குறுக்கே போட்டால் கால்கள் தொட்டிக்கு வெளியே நீட்டின. நீளவாக்கில் போட்டால் ஒருவர்தான் படுக்கலாம். "அடியில நாங்க, மேல நீயா? நாங்க இன்னா கோழியா?" என்று அம்மா அதையும் தள்ளினாள். வைக்கோல் என்றார்கள், ஈரப் பலகையில் அது மக்கி நாறும் என்று மாமா சொன்னார். கடைசியில் அம்மாவே வழி கண்டுபிடித்தாள். கரையில் சவுக்குத் தோப்பு இருந்தது. அக்காவும் அவளும் உலர்ந்த சவுக்குச் சருகை வாரி வந்து கோணியில் அடைத்துத் தைத்தார்கள். நானும் கூடப் போய் வாரினேன். படுத்தால் கொஞ்சம் குத்தும். ஆனால் வெயில் காய்ந்த மணல் வாசனை வரும். அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, நைனாவுக்கு ஒன்று. நான் அம்மாவோடு.

"எனக்கு?" என்று கேட்டார் மாமா.

நைனா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "உனக்கு இன்னாத்துக்குடா? நீதான ஓட்டறவன். சுக்கான் பிடிக்கிறவன் எங்கயாவது படுப்பானா? கரைக்கு வந்து தூங்கு."

யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. கடலில் அப்படித்தான். எத்தனை பேர் படுத்தாலும் சுக்கான் பிடிக்கிறவர் கரை தெரிகிற வரைக்கும் கண்ணை மூடமாட்டார். அதுதான் அவருக்கு மரியாதை. வண்டி ஓட்டுவதையும் அவர்கள் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கடலில் காற்றும் நீரோட்டமும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும், சாலையில் அப்படி எதுவும் பார்த்துக்கொள்ளாது என்று மாமாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் சண்டை போடவில்லை. மறுநாள் ஒரு பழைய பருத்தி வலையைத் தேடி எடுத்துவந்தார். நைலான் வந்த பிறகு யாரும் சீண்டாத வலை. மரப்பட்டைச் சாயத்தில் காய்ச்சிக் காய்ச்சி ஊறிப்போய், தோல் மாதிரி பழுப்பாக, துணி மாதிரி மெதுவாக இருந்தது. அதை இரண்டாக மடித்து, இரண்டு முனையையும் கயிற்றால் இறுக்கி, தார்ப்பாய் வளைவின் முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் நடுவில் கட்டினார். ஏணை தயார். ஏறிப் படுத்துக் கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் குப்பமே வந்து ஒவ்வொருவராக அதில் படுத்துப் பார்த்தது. பருத்த ஆள் ஒருவர் படுத்தபோது கம்பி வளைந்தது. "எறங்குய்யா, வண்டிய ஏரிக்கு அனுப்பிடுவ போல" என்று மாமா கத்தினார். எல்லாரும் போன பிறகு என்னைத் தூக்கிப் போட்டார்.

உங்களில் யாராவது சின்ன வயதில் வலையில் படுத்திருக்கிறீர்களா? உடம்பு பாதி காற்றில் இருக்கும். வானம் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரியும். பட்டைச் சாயத்தின் துவர்ப்பு வாசனையோடு எப்போதோ பிடித்த மீனின் உப்பும் வரும். நான் இறங்கமாட்டேன் என்றேன்.

"மாப்ள, ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம்" என்றார் மாமா. "வண்டி ஓடினா ஏணை உன்னுது. வண்டி நின்னா என்னுது. சரியா?"

"சரி."

"பேச்சு மாறக்கூடாது. ஆம்பள பேச்சு."

கையில் அடித்துக் கொடுத்தேன்.

புறப்படும் நாளுக்கு முந்தின இரவும் மாமா கிடைத்த கடல் மீனை லோடு ஏற்றிப் பட்டணம் போய் வந்தார். விடியும்போது வந்தவர் தொட்டியைக் கழுவி, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, அம்மா கொடுத்த கஞ்சியை நின்றுகொண்டே குடித்தார். "கொஞ்சம் படுத்துட்டு கெளம்பலாம்டா" என்றாள் அம்மா. "மத்தியானம் வெயில்ல வண்டிய நிறுத்தித்தான ஆவணும்? அப்ப ஏணையில ஒரு தூக்கம் போட்டுக்கறேன்க்கா" என்றார். இந்த வார்த்தைகளை நான் கேட்டேன். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பொன்னேரி தாண்டி, பட்டணம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டினோம். நைனா முன்னால் மாமா பக்கத்தில். பின்னால் அம்மாவும் அக்காவும் சருகு மூட்டை மேல். நான் ஏணையில் மகாராஜா. சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் கீழே அவர்கள் "அம்மா, அப்பா" என்று எகிறி விழுந்தார்கள். எனக்கு மட்டும் குலுக்கலே இல்லை, வெறும் ஆட்டம்தான். அக்கா என் முதுகை வலைக்கு அடியிலிருந்து விரலால் குத்தினாள். "எறங்குடா, கொஞ்ச நேரம் நானு." நான் முகத்தை வாட வைத்தேன். "வுடுடி, ஜுரத்துல கெடந்த புள்ள" என்றாள் அம்மா.

மத்தியானம் ஒரு புளியந்தோப்பு ஓரம் வண்டி நின்றது. பக்கத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மூன்று கல் வைத்துச் சோறு பொங்கி, கருவாடு சுட்டாள். எல்லாரும் சாப்பிட்டோம். சாப்பிட்டதும் நான் முதல் ஆளாக ஓடி ஏணையில் ஏறிப் படுத்துக்கொண்டேன். நைனா ஒரு மூட்டையை இறக்கி மரத்தடியில் போட்டுச் சாய்ந்தார். அடுத்த நிமிடம் குறட்டை.

மாமா தோளில் துண்டோடு வந்தார். மணலில் நடக்கிற அவருடைய நடை தார்ச்சாலையோரத்தில் வேறு மாதிரி கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாப்ள. வண்டி நின்னுச்சு."

நான் அசையவில்லை. வேறு எந்தக் காரணமும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, களைப்பும் இல்லை. ஏணை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"எழுப்புடா அவன" என்றாள் அம்மா. "நீ ராத்திரி பூரா முழிச்சவன்."

மாமா சத்தமாக, எல்லாருக்கும் சொல்வது போல, "நெஜமா தூங்கற புள்ளைக்கு கால் ஆடும்பாங்களேக்கா. இவனுக்கு ஆடக் காணோமே" என்றார்.

நான் என் வலது காலை ஆட்டினேன். மெதுவாக, தூங்குகிறவன் ஆட்டுவது போல.

மாமா மூக்கால் சிரித்த சத்தம் கேட்டது. "தூங்கறான்க்கா. வுடு. நான் கீழ படுத்துக்கறேன்."

அம்மாவும் அக்காவும் மீதி மூட்டைகளோடு மரத்தடிக்குப் போனார்கள். மாமாவுக்கென்று மூட்டை தைக்கவில்லை அல்லவா? ஒரு வெறும் கோணியை உதறி, இன்னொரு மரத்தடியில் விரித்துப் படுத்தார். நான் வலைக் கட்டத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து முதுகைத் தட்டினார். கட்டெறும்பு. கோணியை இன்னொரு இடத்தில் போட்டார். அங்கே வெயில் இலைக்கு நடுவில் முகத்தில் விழுந்தது. துண்டால் முகத்தை மூடினார். பிறகு எழுந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். பம்புசெட்டுக்குப் போய்த் தலையை அப்படியே தண்ணீருக்குக் கீழே கொடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மற்ற மூன்று பேரும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தூங்கவில்லை என்று அந்தத் தோப்பில் தெரிந்த ஒரே ஆள் நான்.

வண்டி புறப்பட்டது. மாமா பாட ஆரம்பித்தார். ஏதோ படகு தள்ளும்போது பாடுகிற பாட்டு. முன்பக்கக் கூண்டின் பின் சன்னலுக்குக் கண்ணாடி இல்லை. ஏணையிலிருந்து அவருடைய பின்தலை எனக்குத் தெரியும். ஈர முடி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நைனா கதவில் சாய்ந்து மறுபடியும் கண்ணயர்ந்திருந்தார். பாட்டு நின்றது. தலை மட்டும் ஆடியது. பாட்டுக்கு ஆட்டுகிறார் என்று நினைத்தேன். பாட்டுதான் நின்றுவிட்டதே என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரிய விபத்து என்று சொல்லமுடியாது. வண்டி சாலையை விட்டு இறங்கி, அறுவடையான வயலில் ஓடி, ஒரு பனைமரக் கட்டையில் மோதி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நைனாவின் நெற்றி உடைந்தது. அக்காவின் மேலுதடு கிழிந்தது. அந்தத் தழும்பை மறைக்க இன்றைக்கும் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். அம்மாவுக்கு ஊமைக்காயம். மாமாவின் வலது கை தோளுக்குக் கீழே முறிந்து தொங்கியது. எனக்கு ஒன்றுமில்லை. வண்டி மோதியபோது ஏணை பெரிதாக ஒரு ஆட்டம் ஆடி, திரும்ப வந்து, நின்றது. என்னைத் தூக்கி வெளியே எடுத்த ஊர்க்காரர் ஒருவர், "முருகன் காப்பாத்திட்டான்" என்று சொல்லி என் நெற்றியில் மண்ணை அள்ளிப் பூசினார்.

மாமா ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் முதலில் வந்தார். "மாப்ள, எங்கனா வலிக்குதா?" என்றார்.

வெங்காய லாரி ஒன்றில் திரும்பி வந்தோம். அம்மாவின் பித்தளைத் தூக்கு அந்த வயலிலேயே எங்கோ போய்விட்டது. ஏணையை யார் அவிழ்த்தார்கள், என்ன ஆனது என்று தெரியாது. எனக்கு மொட்டை பக்கத்து ஊர் முருகன் கோயிலில் போட்டார்கள். கடலோரச் சாமியின் கடன் அப்படியே நின்றது.

வந்த பிறகு மாமாவை அழைத்துக்கொண்டு நைனா பாயைப் பார்க்கப் போனார். நானும் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். கடை வாசலில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. பாய் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை.

"ராத்திரி லோடு ஏத்தி உட்டது நான்தான்ப்பா" என்றார். "அதான் மனசு கேக்கல. வழியில படுத்தியா?"

"படுத்தேன் பாய்."

"தூங்கினியா?"

மாமா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். தூங்கவில்லை என்று சொன்னால் ஏன் தூங்கவில்லை என்ற கேள்வி வரும். அது ஏணைக்கு வரும். ஏணை என்னிடம் வரும்.

"நல்லா தூங்கினேன் பாய்" என்றார்.

"பின்ன எப்டிப்பா?"

மாமா இடது கையால் கட்டின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பாய் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "சாவிய வெச்சிட்டுப் போ. கை ஆறட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது நைனா ஏரிக்கரையில் நின்று, "குடிச்சிருந்தியாடா?" என்று கேட்டார். மாமா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. நைனாவுக்கு அது பதிலாகிவிட்டது. நான் வாயைத் திறந்தால் போதும். "மாமா தூங்கல நைனா, நான் பார்த்தேன்." ஐந்தே வார்த்தை. நான் ஐஸ்துண்டு ஒன்றைக் கடைவாசலில் பொறுக்கி வாயில் போட்டிருந்தேன். அது கரையும் வரைக்கும் வாய் திறக்கவில்லை. பிறகும் திறக்கவில்லை.

கை ஆறியது, ஆனால் கோணலாக ஆறியது. தோளுக்கு மேல் தூக்க முடியாது. ஸ்டீயரிங்கும் இல்லை, வீச்சு வலையும் இல்லை. குப்பத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். மரத்தடியில் ஒரு தூக்கம், வண்டியில் ஒரு தூக்கம். அதனால் "ரெண்டு தூக்கம்". படகுகள் கிளம்பும்போது அவர் கரைக்கு வந்தால், "டேய், ரெண்டு தூக்கம் வருது, சுக்கான மறைச்சு வெய்யுங்கடா!" என்று கத்துவார்கள். மாமா சிரிப்பார். "மூணாவது தூக்கம் உன் கண்ணாலத்துலடா. சோறு போடறதுக்குள்ள எழுப்பிடு" என்பார். வேடிக்கையாகச் சொன்ன பேச்சுதான். ஆனால் அவரை யாரும் எந்தப் படகிலும் சுக்கானுக்குப் பக்கத்தில் உட்காரவிடவில்லை. பாயின் கடையிலேயே இடது கையால் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனார். அவர் ஓட்டின வண்டியைப் பழுது பார்த்து வேறு ஒருவர் ஓட்டினார். அதில் மாமா ஐஸ் ஏற்றுவார்.

நான் படித்தேன். பொன்னேரியில் கல்லூரி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தீபாவளிக்கு மாமாவுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பேன். அவருடைய பெண்ணின் திருமணத்தில் முன்னால் நின்று எல்லாம் செய்தேன். நல்ல பிள்ளை என்று ஊரில் பெயர். நாமெல்லாம் இப்படித்தான் சமாளிக்கிறோம் என்று நினைக்கிறேன்.

அவருக்குத் தெரியாது என்பதுதான் அத்தனை வருடமும் எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் நன்றாக நடித்தேன், அவர் நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

என் மகளுக்கு நாலு வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பயந்து கட்டிலில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். என் மனைவி வந்து, "அய்யோ, பாப்பா தூங்குதே. ஆனா நெஜமா தூங்கினா கால் ஆடணுமே!" என்றாள். குழந்தை உடனே காலை ஆட்டியது. என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. கையில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

கால் ஆட்டினால் நடிப்பு என்று எல்லாப் பெரியவர்களுக்கும் தெரியும். பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான் அப்படிச் சொல்வது. புளியந்தோப்பில் மாமா கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்துத்தான் சிரித்தார். கண்டுபிடித்த பிறகுதான் "தூங்கறான்க்கா, வுடு" என்று சொல்லிவிட்டுக் கோணியைத் தேடிப் போனார்.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து அடிக்கடி இருந்தது. நான் போகவில்லை. அவருக்குத் தெரியும் என்று தெரிந்த பிறகு அவர் முகத்தைப் பார்ப்பது முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது. தீபாவளி வேட்டியைக்கூட வேறு ஆளிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினேன்.

இந்த மாதம் பேரன் வண்டிப் படுக்கையை முடிவு செய்துவிட்டான். பலகை அடித்து, அதன் மேல் மடிக்கிற ஃபோம், பக்கத்தில் கொசுவலை. புறப்படுவதற்கு முன் இறால் வாங்கிச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்றான். "கோட்டைக்குப்பத்துக்கு ஓட்டு. உன் பெரிய தாத்தாவப் பார்த்துட்டு வரலாம்" என்றேன்.

மாமா தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. சட்டைக்குள் வலது தோள் மட்டும் இன்னும் கோணல். வண்டியைச் சுற்றி வந்தார். டயரைத் தடியால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, ஆஸ்பத்திரி வண்டி மாறி கீது?"

"படுத்துப் பாருங்க பெரிய தாத்தா" என்று பேரன் கை கொடுத்து ஏற்றினான். மாமா ஃபோமில் கையை அழுத்திப் பார்த்தார். மெதுவாகச் சாய்ந்தார்.

"சொகமாத்தான் கீது. ஓட்டறவன் எங்க படுப்பான்?"

பேரன் சிரித்தான். "தாத்தாவும் இதையேதான் கேட்டாரு. இன்னா, ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கினீங்களா?"

மாமா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பாயின் கடை வாசலில் பார்த்த அதே பார்வை. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. பேரன் பையை எடுத்துக்கொண்டு இறால் வாங்கப் போனான்.

ஏரியிலிருந்து காற்று வந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் வண்டியின் பின்கதவுப் பலகையில், அவர் கால்மாட்டில் உட்கார்ந்தேன். பாதம் வெடித்து, நரம்பெல்லாம் தெரிந்தது.

சொன்னேன். அன்று மத்தியானம் நான் தூங்கவில்லை என்று சொன்னேன். அவர் தூங்காததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று சொன்னேன். பாய் கேட்டபோதும் நைனா கேட்டபோதும் வாயில் ஐஸை வைத்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன். "ரெண்டு தூக்கம்" என்று மற்றவர்கள் கத்தியபோது ஒரு முறை நானும் கூடச் சேர்ந்து சிரித்ததைச் சொன்னேன். இதை மேலே உங்களிடம்கூட நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை மீறியது நான்தான் மாமா, ஏணை உங்களுடையது என்று சொன்னேன்.

அவர் கண் திறக்கவில்லை. மூச்சு ஒரே சீராக வந்தது. அந்த வயதில் மத்தியானம் சாய்ந்தால் தூங்கிப்போவது சகஜம். இத்தனை வருடம் கழித்து வாய் திறந்து, தூங்குகிற மனிதரிடம் பேசிவிட்டேனே என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எப்படி வந்தது என்று தெரியாது, சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"நெஜமா தூங்கறவங்களுக்கு கால் ஆடும்பாங்களே மாமா."

மாமாவின் வலது கால் ஆடியது. மெதுவாக, தூங்குகிறவர் ஆட்டுவது போல.

நான் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண் மூடியபடியே அவர் மூக்கால் சிரித்தார்.

பேரன் பையோடு திரும்பி வந்தான். "இன்னா தாத்தா, பெரிய தாத்தா தூங்கிட்டாரா? வண்டிய நிழலுக்கு எடுக்கணுமே, எழுப்பட்டா?"

"தூங்கறாரு. வுடுடா" என்றேன். "வண்டி நின்னா அது அவரு எடம்."